தேரை விட்டு இறங்குதல்

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்குக் காட்டுப்பூனை புதிதல்ல. எலி இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும். ஆள் புகாத சோகைக்குள் குட்டி போடும். வெட்டு நெருங்கும்போது தாய் விலகிவிடும். கண் திறக்காத குட்டிகள் மட்டும் கிடக்கும். பார்த்ததும், “ஐயோ பாவம், அநாதையாக் கிடக்கு” என்போம்.

அந்த அநாதைப் பட்டம் பெரும்பாலும் நாம் கொடுப்பதுதான். தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது சத்தம் அடங்கட்டும் என்று பதுங்கியிருக்கும். நாம் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் குட்டி நிஜமாகவே அநாதையாகிறது.

மகாராஷ்டிரத்து ஜுன்னரில் சிறுத்தைகளே கரும்புக்குள் குட்டி போடுகின்றன. அகப்படும் குட்டிகளை வனத்துறையும் ‘வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்’ அமைப்பும் பரிசோதித்து, இருட்டும் நேரத்தில் அதே இடத்தில் பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். தாய் வந்து கவ்விக்கொண்டு போவது பலமுறை நடந்திருக்கிறது.

“அதுக்குள்ள நாய் கவ்விட்டா?” நியாயமான கேள்வி. அதனால்தான் காத்திருப்பது சும்மா இருப்பதல்ல. தள்ளி நின்று நாயை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது. குட்டிக்குக் காயம் என்றாலோ, தாய் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தாலோ, காத்திருக்காமல் வனத்துறையைக் கூப்பிட வேண்டும்.

அப்போதும் வளர்ப்பது லேசில்லை. பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். மல்லாத்திப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கும். தாய் நக்கிவிடுவதுபோல் ஈரப் பஞ்சால் துடைத்துவிடாவிட்டால் சிறுநீர்கூடப் பிரியாது. இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். கடினமானது அடுத்தது: இவ்வளவும் செய்துவிட்டு, அது நம்மை நேசிக்காமல் பார்த்துக்கொள்வது. மனுஷனை நம்பப் பழகிய காட்டுப்பூனை, கோழிக்கூண்டுப் பக்கம் போன அன்றைக்கே அடிபட்டுச் சாகலாம். பேர் வைத்துக் கொஞ்சுவது நம் ஆசைக்கு. அதற்கான விலையைக் குட்டிதான் கொடுக்கும். வீட்டில் வைத்து வளர்ப்பதை 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

மேலூரைத் தாண்டிப் போனால் பிரான்மலை. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை வள்ளல்தனம் என்றே படித்திருக்கிறோம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. பாரி முல்லையைப் பிடுங்கி அரண்மனையில் நடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க, தன்னுடையதை விட்டுவிட்டு நடந்தான்.

கரும்புக்காட்டில் அந்தத் தேர், ஒரு ராத்திரிக்கு வெட்டாமல் விடும் நாலு வரிசை. ஆனால் டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது அன்றைய சாப்பாடு. குட்டிக்காக நிறுத்தச் சொல்கிறவர், அந்தக் கூலியையும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கணும். பாரி கொடுத்தது தன் தேரைத்தானே.