அணையும் அடக்கமும்

வட சிலாங்கூரில், கோல குபு பாருவை அடுத்து அம்பாங் பெச்சா என்னும் சிற்றூர் உள்ளது. உடைந்த அணை என்பது அப்பெயரின் பொருள். 1883ஆம் ஆண்டு அணை உடைந்து, வெள்ளம் பழைய கோல குபுவைச் சிதைத்த நினைவை அப்பெயர் தாங்கி நிற்கிறது. ஆற்றுக்கு அணை வேண்டுவது போலவே மனிதனின் வேட்கைக்கும் அணை வேண்டும். அதனைக் கட்டவேண்டியது அரசா, அவனது நெஞ்சமா? பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுக்கும் விதிகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

தெரு அனைவருக்கும் உரியது. பெண்களும் பிள்ளைகளும் அச்சமின்றி அதில் நடமாடும் உரிமை, ஒருவன் குடித்து மகிழும் உரிமையினும் பெரிது. ஆகவே விதி தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விதி யார்மீது பாய்கிறது என்பதையும் அறம் வினவுகிறது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8ஆம் நாள், தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. மதுவும் அதற்கொரு காரணம் என விசாரணைக் குழு கண்டது. 2015 ஏப்ரல் 1 முதல், இரவு 10.30 மணி தொட்டுக் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துதல் தடை செய்யப்பட்டது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிகளில் தடை மேலும் கடுமையானது. சொந்த வீடுடையவனுக்கு இத்தடை சுமையன்று. விடுதியில் பலரோடு ஒண்டி வாழும் தொழிலாளிக்கோ திறந்த வெளியே கூடம். விதி ஒன்றே, அதன் பாரம் ஒன்றன்று.

தோட்டப்புறத்தின் பழைய வரலாறும் இதையே உணர்த்தும். துரைமார் தம் மன்றத்தின் கதவுகளுக்குள் குடித்தனர். அது பொழுதுபோக்கு எனப்பட்டது. தொழிலாளி கள்ளுக்கடையில் ஊரறியக் குடித்தான். அது அவன் இனத்தின் இழிவு எனப்பட்டது. அத்தொழிலாளரே 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படையினர் வரவழைக்கப்பட்டனர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிக் காவலரின் தடியடியைச் சந்தித்தனர். அடக்கம் வேண்டுமென்று பாட்டாளிகள் தாமே எழுந்து கேட்டனர். கடையைக் காக்க நின்றதோ அதிகாரம்!

வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தில் ஊரறியக் குடிப்பவனை மட்டும் கடியவில்லை. மறைவில் குடிப்பவனையும் கடிந்தார். மறைவு குற்றத்தைக் குறைப்பதில்லை. 2018இல் சிலாங்கூரில் நச்சு மது பல உயிர்களைப் பறித்தது. தெருவில் தடுக்கப்பட்ட குடி வீட்டிற்குள் புகுமாயின், வழிப்போக்கர் பெற்ற அமைதியை மனைவியும் மக்களும் இழப்பர். துன்பம் இடம் மாறியதேயன்றி நீங்கியதாகாது.

எனவே, விதி செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே பாரமாக அமைதல் வேண்டும். தொழிலாளிக்கு மதுவை மறுக்குமுன், ஓய்வுக்கும் உறவாடலுக்கும் இடம் அளித்தல் வேண்டும். எஞ்சிய பணி கல்விக்கும் குடும்பத்திற்கும் உரியது. 1941இல் எழுந்த கோரிக்கை மக்களின் நெஞ்சிலிருந்து பிறந்தது. அத்தகைய அணையைக் காக்கக் காவலர் வேண்டுவதில்லை.