வழி விடுதல்

எங்கள் ஊர் நாற்சந்தியில் நெடுங்காலமாக ஒரு சிக்னல் விளக்கு இருந்தது. சிவப்பு வந்தால் நிற்போம். பச்சை வந்தால் போவோம். போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் சிவப்பிலும் போவோம். சென்ற ஆண்டு அந்த விளக்கை எடுத்துவிட்டு, சந்தியின் நடுவில் வட்டமாக ஒரு மேடை கட்டினார்கள். ஊரார் அதை ரவுண்டானா என்கிறார்கள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது என் பழைய தமிழாசிரியரை அங்கே சந்தித்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி நின்றிருந்தார்.

“ஏம்ப்பா, விளக்கு இருக்கும்போதே நிற்காத ஜனங்கள், விளக்கு இல்லாவிட்டால் நிற்பார்களா?” என்று கேட்டார்.

“பார்க்கலாம் ஐயா” என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விட்டு நழுவவில்லை. மனிதன் ஒழுங்காக நடப்பது, தண்டிக்க ஒருவன் இருக்கிறான் என்பதாலா? எதிரே இன்னொரு மனிதன் வருகிறான் என்பதாலா?

சாலைப் பொறியாளர்கள் இந்த விஷயத்தில் நம்பிக்கை உள்ளவர்கள். இரண்டு சாலைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில், வண்டியோடு வண்டி மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். அதையே ஒற்றைத் தடமுள்ள வட்டமாக மாற்றினால் 8 புள்ளிகள்தாம். எல்லோரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் வேகமும் தானே தணிகிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கார்மெல் என்ற ஊர் இருக்கிறது. 1996-ல் அங்கே மேயரான ஜேம்ஸ் பிரைனார்டு, விளக்குகளை அகற்றி வட்டங்களைக் கட்டத் தொடங்கினார். இன்று அந்த ஊரில் 150-க்கும் மேற்பட்ட வட்டங்கள். அந்த நாட்டில் சந்திகளை இப்படி மாற்றிய இடங்களில், காயம் உண்டாக்கும் விபத்துகள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன.

ஆனால் வட்டம் கட்டியதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. பிரான்சிலும் அமெரிக்காவிலும் பழைய வட்டங்கள் பலவற்றில், புதிதாக நுழைகிறவருக்கே முன்னுரிமை இருந்தது. கேட்பதற்கு எவ்வளவு பண்பாக இருக்கிறது! வருகிறவருக்கு வழி விடுவதுதானே மரியாதை? விருந்தினரை வாசலில் நிற்க வைக்கலாமா? ஆனால் போக்குவரத்து பெருகியபோது அந்தப் பண்பே பகையாயிற்று. வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்க, உள்ளே இருந்தவர்கள் வெளியேற முடியாமல் நின்றார்கள். அவர்கள் நின்றதால் வந்தவர்களும் நின்றார்கள். வட்டம் பூட்டிக்கொண்டது. பாரிஸ் நகரத்து வெற்றி வளைவைச் சுற்றியுள்ள பெரிய வட்டத்தில் இன்றும் நுழைகிறவருக்கே முன்னுரிமை; அங்கே நடக்கும் நெரிசல் உலகப் பிரசித்தம்.

இந்தப் பூட்டுக்குச் சாவி கிடைத்தது பிரிட்டனில். ஃபிராங்க் பிளாக்மோர் போன்ற பொறியாளர்கள் சோதித்துக் காட்டிய பிறகு, 1966 நவம்பரில் அங்கே ஒரு விதி வந்தது. உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை. நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்! செங்கல் ஒன்றுகூட மாற்றாமல் பூட்டுத் திறந்துகொண்டது. இன்று நம் நாட்டு விதியும் அதுவே.

இந்த விதியைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. உள்ளே இருப்பவனுக்கே உரிமை என்பது என்ன நியாயம்? முந்திக்கொண்டவனுக்குப் பரிசா? சமையலறையில் முப்பது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மாமியாரும் இதைத்தானே சொல்கிறார்? அலுவலகத்தில் நாற்காலியை விடாத பெரியவரும் இதைத்தானே சொல்கிறார்?

யோசித்தபோது ஒன்று தெளிவாயிற்று. சாலை வட்டத்தில் எவனும் தங்குவதில்லை. அரை நிமிஷம் சுற்றுகிறான், தன் வழியில் வெளியேறிவிடுகிறான். அவன் போவதால்தான் அடுத்தவனுக்கு இடம் கிடைக்கிறது. அவனுடைய முன்னுரிமை நியாயமாவதே, அவன் வெளியேறுவான் என்ற உறுதியினால்தான். வெளியேற மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவனுக்கு அந்த நியாயம் பொருந்தாது. இருபது ஆண்டுகளாகப் பத்திரிகைப் பக்கங்களைச் சுற்றிவரும் நான், இதை மாமியார்களுக்கு மட்டும் உபதேசித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

சரி, உள்ளே இருப்பவனின் கடமை அது. வெளியே நிற்பவனின் கடமையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பால்காரர்.

சில மாதங்களுக்கு முன், ஒரு மழை நாள் மாலை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. காரை ஓட்டிக்கொண்டு வட்டத்தருகே வந்தேன். வலப்புறமிருந்து அவர் சைக்கிளில், இருபக்கமும் பால் கேன்கள் தொங்க, வட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தார். நான் ஹாரனை அழுத்தியபடி உள்ளே நுழைந்தேன். அவர் பிரேக் பிடித்தார். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. சைக்கிளும் அவரும் பாலும் தரையில்.

நல்லவேளை, அடி பலமில்லை. நான் இறங்கி ஓடினேன். அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

“நான் உள்ளே வந்துட்டேனே, சார்” என்றார்.

கை நிறையப் பணம் எடுத்து நீட்டினேன். கொட்டிய பாலுக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

ரயில் போய்விட்டது. வெறிச்சோடிய பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டேன். அவரைக் கவனிக்காமலா நுழைந்தேன்? இல்லை. நன்றாகப் பார்த்தேன். சைக்கிள் என்று பார்த்துத்தான் நுழைந்தேன். அதுவே பஸ்ஸாக இருந்திருந்தால் பதுங்கி நின்றிருப்பேன். சிவப்பு விளக்கு இருந்திருந்தாலும் அபராதத்துக்கு அஞ்சி நின்றிருப்பேன். இத்தனை காலம் என் ஒழுக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் அச்சம் எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று அந்த வட்டம் பிரித்துக் காட்டிவிட்டது. நம்மை இடித்துத் தள்ளக்கூடியவனுக்கு வழி விடுவது மரியாதை அல்ல, தற்காப்பு. நம்மை ஒன்றும் செய்ய முடியாதவனுக்கு வழி விடும்போதுதான் அது அறமாகிறது.

மறுநாள் ஆசிரியரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். “விளக்கு இல்லாவிட்டால் நிற்பார்களா என்று கேட்டீர்களே ஐயா, நானே நிற்கவில்லை” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இனிமேல் நிற்பாயா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது நிற்கிறேன். சைக்கிள் வரும்போதெல்லாம் நிற்கிறேன். பின்னால் இருப்பவர்கள் பொறுமை இழந்து ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும், சில மாதங்களுக்கு முன் நானும் அடித்தவன்தானே.