எத்தனை சோடி போதும்?

1986ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி மார்க்கோஸ் குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் தப்பியோடினார். அதன் பின்னர் மணிலா மாளிகைக்குள் நுழைந்தவர்கள், அவருடைய மனைவி இமெல்டா விட்டுச் சென்ற சப்பாத்துகளைக் கண்டு திகைத்துப் போனார்கள். ஆயிரம் சோடிக்கு மேல் இருந்தன. மூவாயிரம் என்று எழுதியவர்களும் உண்டு. அன்றிலிருந்து பேராசைக்கு உதாரணம் தேடும் இடமெல்லாம் அந்தச் சப்பாத்துகள்தாம் வந்து நிற்கின்றன. கதையின் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒரு தொகுதி, பாதணித் தொழிலுக்குப் பெயர்போன மரிக்கினா நகரில் 2001இல் திறக்கப்பட்ட நூதனசாலைக்குப் போனது. மணிலா தேசிய நூதனசாலையில் பெட்டிகளுக்குள் கிடந்தவை கறையானும் பூஞ்சணமும் பட்டுக் கெட்டுப்போயின என்று 2012இல் செய்தி வந்தது.

நகையைப் பூட்டி வைத்தால் நகையாகவே இருக்கும். பாதணி அப்படியல்ல. இன்றைய சப்பாத்துகள் பலவற்றின் அடிப்பகுதி பொலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதனை மெல்ல மெல்லச் சிதைக்கும். ஒருநாளும் காலில் போடாமல் அலுமாரியில் வைத்திருந்த சப்பாத்தைச் சில வருடங்கள் கழித்துப் பெருநாளைக்கென்று எடுத்து மாட்டினால், நாலடி நடப்பதற்குள் அடி பிட்டுப்போல உதிர்ந்துவிடும். கொழும்பு, காலி போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் இது பலருக்கும் பழக்கமான காட்சி. சேர்த்து வைப்பதற்கு இவ்வளவு பொருத்தமற்ற ஒரு பொருளைச் சேர்ப்பதில் மனிதனுக்கு ஏன் இத்தனை மோகம்?

மறுகோடியில் நிற்பவர் பக்தாத் நகரின் பிஷ்ர் அல்-ஹாபி. கி.பி. 841இல் காலமான இந்த ஸூபிப் பெரியாரின் பெயரிலுள்ள ‘ஹாபி’ என்பதற்கு வெறுங்காலர் என்று பொருள். செருப்பின் வார் அறுந்ததால் புதிய வார் கேட்டுச் செருப்புத் தைப்பவரிடம் போனாராம். உங்களைப் போன்றவர்களால் மற்றவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று அவர் சலித்துக்கொண்டார். பிஷ்ர் கையிலிருந்த செருப்பை எறிந்தார், காலிலிருந்ததையும் உதறினார், இனி அணிவதில்லை என்று சத்தியம் செய்தார். இப்னு கல்லிகான் தரும் வரலாறு இது. பிறருக்குப் பாரமாகக் கூடாது என்ற அந்த ரோசம் பெரிது. ஆயினும் இதை எல்லோருக்குமான வழியாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உதறுவதற்குச் செருப்பு உள்ளவன்தான் வெறுங்காலைத் தெரிவு செய்ய முடியும். எமது மலையகத் தோட்டங்களில் கொழுக்கிப்புழுவுக்கு எதிரான பெரிய இயக்கம் 1916இல் தொடங்கப்பட்டது. அங்கே ஈர மண்ணில் நின்று வேலை செய்த தொழிலாளரின் உள்ளங்கால் தோலைத் துளைத்துத்தான் அந்தப் புழு உடலுக்குள் புகுந்தது. அவர்களுடைய வெறுங்கால் துறவல்ல, வறுமை.

ஆகவே எத்தனை சோடி என்று எண்ணுவது நல்ல அளவுகோலாக எனக்குப் படவில்லை. ஒரே சோடித் தோல் சப்பாத்தை நாள்தோறும் அணிபவரைச் சிக்கனக்காரர் என்கிறோம். ஆனால் வியர்வை உலர ஒருநாளாவது விடாவிட்டால் தோல் விரைவில் வெடித்துப்போகும். இரண்டு சோடியை மாறி மாறி அணிந்தால் இரண்டும் நீண்ட காலம் உழைக்கும். இரண்டாவது சோடி இங்கே ஆடம்பரமாகாது. ஏழாவது, எட்டாவது சோடிகள் எப்படி வருகின்றன என்று பார்த்தால், பல வீடுகளில் அதற்குக் காரணம் ஆசையைவிட நோவுதான். வாங்கியது கடிக்கிறது; மூலையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிறோம்; அதுவும் கடிக்கிறது. காலை வேளையில், உட்கார்ந்தபடி, ஒரு காலில் மட்டும் போட்டுப் பார்த்து வாங்குவதன் பலன் இது. பொழுது ஏற ஏறக் கால் சற்று வீங்கும். எழுந்து நிற்கும்போது பாதம் நீளும், அகலும். இரு பாதங்களும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் போய், நின்று, பெரிய பாதத்துக்கு அளவு பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு வாங்கினால் பாதித் தொல்லை தீரும். கடதாசியில் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதன்மேல் சப்பாத்தை வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுடையதல்ல. போடப் போடச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். சரியாவது பெரும்பாலும் சப்பாத்தல்ல, கால்தான்.

நோவு என்பது பாதம் பேசும் மொழி. அதை மிக ஆழமாக விளங்கிக்கொண்டவர் 1946இல் வேலூருக்கு வந்த சத்திரசிகிச்சை மருத்துவர் போல் பிராண்ட். தொழுநோயாளரின் பாதங்கள் நோயால் தாமாக அழுகுகின்றன என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. உணர்ச்சி செத்த கால், ஆணி குத்துவதையோ சப்பாத்து உரசுவதையோ அறியாமல் நடந்து நடந்தே புண்ணாகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட புகையிரதப் பயணத்துக்குப் பின் காலுறையைக் கழற்றியபோது அவருடைய குதிகாலிலேயே உணர்ச்சி இருக்கவில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் தொற்றிவிட்டதென்று இரவெல்லாம் கலங்கிக் கிடந்தவர், விடிந்ததும் மறுபடி குத்தினார். வலித்தது. அந்த வலிக்காக இறைவனுக்கு நன்றி சொன்னார்.

இன்று அந்தக் கேள்வி எம் வீடுகளுக்குள் வந்துவிட்டது, நீரிழிவின் வடிவில். பல வருடம் சீனி வருத்தத்தோடு வாழ்ந்தவரின் கால் மரத்துப்போகும்போது, ‘எனக்கு இது சுகமாகத்தான் இருக்கிறது’ என்ற அவருடைய சொல்லை நம்ப முடியாது. கடிக்கும் சப்பாத்தும் அவருக்குச் சுகமாகவே இருக்கும். எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை இறப்பர் அடியுள்ள செருப்புகள் முதலில் தொழுநோயாளருக்கும் பிறகு நீரிழிவுக்காரருக்கும் கொடுக்கப்பட்டன. பலர் அவற்றை அணிய மறுத்தார்கள். பார்த்தவுடனே இன்ன நோய்க்காரர் என்று காட்டிக்கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போக யாருக்கு மனம் வரும்? காலைக் காப்பாற்ற மானத்தைக் கேட்பது நியாயமல்ல. பாதணியில் அழகு தேடுவது வெறும் வீண் பெருமை என்று இலேசாகச் சொல்லிவிடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாலு பேரைப் போலத் தோன்றுவதும் ஒரு தேவைதான்.

எமது பள்ளிவாசல்களையும் பார்க்கலாம். செருப்பைக் கழற்றும் இடத்துக்கும் வுழூச் செய்யும் இடத்துக்கும் நடுவே உள்ள சீமெந்துத் தரை ளுஹர் நேரத்தில் அடுப்புக்கல்லாகக் கொதிக்கும். உணர்வுள்ளவர் துள்ளித் துள்ளி ஓடிவிடுவார். கால் மரத்த முதியவர் நிதானமாக நடந்து போவார். கொப்புளத்தை மறுநாள்தான் காண்பார். ஒரு துண்டுக் கம்பளமும், குந்திக் கழற்ற ஒரு கதிரையும் பெரிய செலவல்ல. மினாராவுக்குப் புதிதாக நிறம் பூசுவதற்கு முன்னரே இதைச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். மார்க்கமும் இதில் இடுக்கண் வைக்கவில்லை. வுழூவோடு அணிந்த தோலுறையை ஊரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும், பயணி மூன்று நாளும் கழற்றாமல் அதன்மேல் மஸ்ஹுச் செய்து தொழ அனுமதி இருக்கிறது. உணர்வற்ற பாதத்துக்கு அந்த உறை பள்ளிக்குள்ளும் காவலாக இருக்கும். ஊரிலிருப்பவருக்கு ஒருநாள் எல்லை வைத்ததும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. மரத்த காலை நாளுக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்கச் சொல்லி மருத்துவர்களும் வற்புறுத்துகிறார்கள்.

சப்பாத்தின் உள்ளேயும் கைவிட்டுத் துழாவ வேண்டும். சிறு கல்லோ, கழன்ற ஆணியோ, மடிந்த உட்துணியோ இருக்கலாம். முதியவருக்குக் கண் தெளிவில்லையென்றால் வீட்டிலுள்ள பிள்ளைகளில் ஒருவர், அவர் வாசலுக்கு வருவதற்கு முன் அதைச் செய்து வைக்கலாம். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.