இரத்தக் கணக்கும் திருமணப் பேச்சும்

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பர் நம் பெரியோர். நூலைக் கண்டே சேலையின் தரத்தைச் சொல்வது ஜவுளி வணிகருக்குக் கைவந்த கலை. பிள்ளையின் தன்மையை அவ்வாறு முன்னறிய இயலுமா? பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டுப் பார்த்து, அதற்கும் ஒரு கணக்கு உண்டென 1866-ல் எழுதி வைத்தார் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. தாயிடமிருந்து ஒரு கூறும் தந்தையிடமிருந்து ஒரு கூறும் பிள்ளைக்கு வருகின்றன என்பதே அதன் சாரம்.

இக்கணக்கு நம் இல்லங்களை நெருங்கி வரும் இடம் தலசீமியா என்னும் இரத்த நோய். குறையுள்ள கூறு ஒன்றை மட்டும் உடையவர் அதைச் சுமப்பவரேயன்றி நோயாளி அல்லர். பெரும்பாலும் தாமே அறியாமல் நலமாக வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தாலோ, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூவருக்கு அச்சமில்லை என எண்ணலாகாது. ஒவ்வொரு பிறப்புக்கும் கணக்குப் புதிதாகத் தொடங்கும். கடும் நோயுற்ற குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்திற்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். மாமா மகள், மாமி மகன் என உறவுக்குள் மணக்கும்போது, இருவருக்கும் ஒரே பாட்டனாரின் கூறு வந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

"எல்லாம் இறைவன் நாட்டம், சோதனை எதற்கு?" என்பார் சிலர். நாட்டத்தை நம்பும் நாமே கடையைப் பூட்டாமல் வீடு செல்வதில்லையே!

அறிந்தாலும் மறைத்துவிடலாம் என்பார் வேறு சிலர். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹராம் என அறிந்த வணிகர், நிக்காஹ் பேச்சில் மட்டும் மறைக்கலாமோ? ஆயினும் மனிதர் சரக்கல்லர். உண்மை சொன்னவரைப் பழுதான பண்டம்போல் ஒதுக்கி ஊரெல்லாம் தூற்றினால், அடுத்தவர் வாய் திறப்பாரா? மறைப்பவரின் பாவத்தில் தூற்றுபவருக்கும் பங்குண்டு. சொல்ல வேண்டியது மணக்க இருப்பவரிடம். கேட்டவருக்கு அது அமானத்து. கணக்கு வாய்ப்பைத்தான் கூறும். முடிவு செய்ய வேண்டியவர் அவ்விருவரே.

புக்கிட் மேராவில் வாழும் நமக்கு வழி தூரமில்லை. இங்குள்ள பலதுறை மருந்தகத்திலேயே கேட்டறியலாம். லிட்டில் இந்தியாவை அடுத்த கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 1992-ல் தொடங்கிய தேசிய தலசீமியா பதிவகமும் உண்டு. வேண்டுவது ஓர் இரத்தப் பரிசோதனையே. மஹரையும் விருந்தையும் பேசுமுன் இதைப் பேசுவோமாக.