சோறு போட்டவன்

மனுசனுக்கு மறுக்கப்பட்டது மிருகத்துக்குக் கிடைக்குது என்று நாம் மேடைகளில் பேசி வருகிறோம். 1927 மார்ச்சில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு மகத் சவுதார் குளத்துக்குப் போனபோது, ஆடுமாடு வாய்வைக்கிற தண்ணீரில் நாம் கைவைக்கக் கூடாது என்பதுதான் அங்கே நிலைமை. பூனை ஊர்க்காரன் அடுப்படி வரைக்கும் போகும், நாம வாசலுக்கு வெளியே நிக்கணும். நானும் இதைப் பேசியிருக்கிறேன். உண்மைதான். ஆனால் ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு பத்து மாசம் லாரி ஓட்டிய பிறகு எனக்கு வேறொரு கேள்வி வந்தது. பூனைக்கு என்ன கிடைக்கிறது என்பதல்ல. அந்தப் பூனைக்கு நான் யார் என்பது.

நான் நாமக்கல் பக்கத்தில் ஒரு வளவில் பிறந்தவன். முப்பது வருசத்துக்கு மேலாக நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டுகிறேன். பெரும்பாலும் பம்பாய் லைன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் ஓசூர், பெங்களூர், தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனா என்று 1,100 கிலோமீட்டருக்கு மேல் போய்க் களம்போலியில் நிற்க வேண்டும். அந்தப் பக்கத்து ஜனங்கள் விரத நாளில் சாப்பிடுகிற சாபுதானா கிச்சடி நம்ம பக்கத்து மரவள்ளிக் கிழங்குதான்.

முன்னே ஒரு வண்டியில் மூணு பேர் போவோம். ரெண்டு டிரைவர், ஒரு கிளீனர். ஒருத்தன் ஓட்ட ஒருத்தன் தூங்குவான். கிளீனர் கண்ணாடி துடைப்பான், டயரைத் தட்டிப் பார்ப்பான், ரோட்டோரம் ஸ்டவ்வைப் பத்தவைத்துச் சோறாக்குவான். முதலில் கிளீனர் போனான். வாடகை கட்டுபடி ஆகலை என்றார்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேண்டும் என்று விதியிலேயே இருந்தது. 2018-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போ கேபினில் நான் மட்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணைச் சொருகும்போது பேச்சுக்கொடுக்க ஆளில்லை. ஃபாஸ்டாக் வந்த பிறகு டோல்கேட்டில்கூட வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டியிருக்கிறேன்.

2022 ஆடி மாசம். சிராவைத் தாண்டி ஒரு பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பழைய டயர்க் குவியலுக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. கண் திறந்து, பல் முளைத்திருந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கும். பஞ்சர் ஒட்டுகிற பையன் இந்தியில் சொன்னான்: "இதோட அம்மா தாபா பக்கம் போயிருக்கு, வந்துரும்." நான் கேட்டேன். கேக்காத மாதிரி இருந்துகொண்டேன். ரோட்டோரம் கிடந்தால் ஏதாவது சக்கரத்தில் மாட்டிச் செத்துரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சக்கரத்தில் மாட்டும் என்பது பொய்யில்லை. ஆனால் நான் எடுத்த காரணம் அதில்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதுதான் காரணம்.

அதுக்கு நான் வைத்த பேர் கிளீனர்.

முதல் ரெண்டு நாள் டீக்கடைப் பசும்பாலை வாங்கி ஊற்றினேன். வயிறு கழிந்து குட்டி துவண்டுபோனது. ஊர் திரும்பியதும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "குட்டிக்குப் பசும்பால் ஆகாது. ரெண்டு மாசம் வரைக்கும் தாயோட விட்டிருக்கணும். தாய்கிட்ட இருந்துதான் வேட்டையே கத்துக்கும்" என்றார் டாக்டர். பிறகு வேகவைத்த முட்டை, கருவாட்டுச் சோறு என்று பழக்கினேன். பெயிண்டு டப்பாவை வெட்டி மண் போட்டு வைத்தேன். ஒருதரம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. மிதிச்சா அது சாகும், மிதிக்காட்டி எத்தனை பேரோ. கியரில் பிடித்து, காலால் தள்ளி, எப்படியோ இறங்கினேன். அன்று முதல் வண்டி ஓடும்போது தக்காளி கிரேடுக்குள் போட்டு மேலே கயிறு கட்டினேன். அதன் நல்லதுக்குத்தான். கயிறு கட்டுகிறவன் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறான்.

ஆனாலும் சந்தோசமாக இருந்தேன். இதை மறைக்கக் கூடாது. நான் பேசினால் காதை ஆட்டும். பாட்டுப் பாடினால் கண்ணை மூடும். நிறுத்துகிற இடத்தில் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். என் தட்டில்தான் சாப்பிடும். ஊருக்குள் டீக்கடையில் எனக்குத் தனி டம்ளர் நீட்டின காலத்தைப் பார்த்தவன் நான். ஒரு உயிர் என் தட்டில் வாய்வைக்கிறது என்பது எனக்குச் சாதாரணமில்லை.

சித்திரை வந்தது. என் வண்டி பழைய வண்டி. என்ஜின் சூடு கேபினுக்குள்ளேயே ஏறும். 2025 அக்டோபர் முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று ஆகியிருக்கிறது. அப்போ அதெல்லாம் ஏது? மத்தியான வெயிலில் நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பூனை அப்படி மூச்சு வாங்கினால் உடம்பு தாங்கலை என்று அர்த்தம். ஈரத்துணி போட்டேன். இறக்கிவிடலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

களம்போலியில் ரிட்டன் லோடுக்காக மூணு நாள் காத்துக்கிடந்தேன். மூணாம் நாள் பொழுதிறங்கும் நேரம் கிளீனர் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிப்போனது. கடுவன், பருவத்துக்கு வந்துவிட்டது. வரிசை வரிசையாக லாரிகள். ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் குனிந்து "கிளீனர், கிளீனர்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். நிஜ கிளீனர் பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். புக்கிங் ஆபீசிலிருந்து போன். லோடு தயார், ரெண்டு மணி நேரத்தில் வண்டி வேண்டும். ஒரு டிரெய்லருக்கு அடியில் இருந்து அது என்னைப் பார்த்தது. கூப்பிட்டேன். வரவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமுடியாது. "பத்து மாசம் சோறு போட்டு வளத்தேன். நன்றி கெட்ட ஜென்மம்!" என்று கத்தினேன்.

கத்தி முடிக்கும் முன்னே உடம்பு விறைத்துப்போனது. அது என் குரல் இல்லை. அந்தக் குரலை நான் எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

1985-ல் எனக்குப் பதிமூணு வயசு. எங்கப்பன் ஒரு தோட்டத்தில் வருசக்கூலிக்குப் பண்ணயத்தாளாக இருந்தார். கொத்தடிமை முறையை ஒழிக்கிற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எங்க வளவுக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை. என்னையும் அதே தோட்டத்துக்கு ஆடு மேய்க்க அனுப்பாமல் லாரிக்கு அனுப்பலாம் என்று எங்கப்பன் முடிவுசெய்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொல்லப் போனார். நானும் பின்னால் நின்றேன். பண்ணாடி சொன்னார்: "மூணு தலமுறையா எங்க கஞ்சியக் குடிச்சு வளந்த ஒடம்புடா இது. இப்ப லாரிக்குப் போறானாமா? நன்றி கெட்ட நாயி!"

முப்பத்தெட்டு வருசம் கழித்துக் களம்போலியில் நான் சொன்னது அதே வாக்கியம்.

என்னை லாரிக்குக் கூட்டிப்போன டிரைவரையும் நினைத்துப் பார்த்தேன். நல்ல மனுசன். "சோறு போட்டுத் தொழில் கத்துக் குடுக்கறனுங்காத்தா" என்று எங்கம்மாவிடம் சொல்லி அழைத்துப்போனார். மூணு வருசம் சோறு மட்டும்தான், சம்பளமில்லை. சதாராவுக்கும் புனாவுக்கும் நடுவில் இருக்கிற கம்பாட்கி காட்டில், கொட்டுகிற மழையில், ஏற்றத்தில் வண்டி திணறினால் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போடக் குதித்து ஓடுவேன். லேட்டானால் அறை விழும். ராத்திரியில் அவர் போர்வையை எடுத்து என்மேல் போர்த்துவார். அன்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் அன்பு இருந்ததால் மட்டும் அது நியாயமாகிவிடுமா?

எனக்குத் தெளிந்தது இதுதான். சோறு போட்டவன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். அந்த நோட்டில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கும். இத்தனை வேளைக் கஞ்சி, இத்தனை துணி, இத்தனை நாள் கூரை. மறுபக்கம் வெள்ளையாக இருக்கும். அவன் எடுத்துக்கொண்டது எதுவும் அதில் ஏறாது. எங்கப்பனின் உழைப்பு ஏறாது. என் பள்ளிக்கூடம் ஏறாது. குட்டியின் தாய், அது கற்றிருக்க வேண்டிய வேட்டை, அது பிறந்த இடம், எதுவும் ஏறாது. ரெண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தால் தலைகீழாக வருகிறது. சோறு போட்டவன் கடன் கொடுத்தவன் இல்லை. அவன்தான் கடன்காரன். அவன் போடுகிற சோறு வட்டிக்குக்கூடக் காணாது. அவனுக்கு எதுக்கு நன்றி?

இதைச் சொன்னபோது சங்கத்துத் தோழர் ஒருவர் கோபப்பட்டார். "நம்மள மிருகத்தோட சேர்த்து வெச்சவங்க அவங்க. நீங்களே பூனையையும் பண்ணயத்தாளையும் ஒண்ணாக் கணக்குப் போடறீங்களே?" அவர் கேட்டது நியாயம். ஆனால் நான் பூனையையும் எங்கப்பனையும் ஒப்பிடவில்லை. எங்கப்பனுக்கு உரிமை கேட்க வாய் இருந்தது, அதை அடைத்தார்கள். பூனைக்குச் சங்கம் கிடையாது. நான் ஒப்பிட்டது என்னையும் பண்ணாடியையும். அடிபட்டவன் வாயில் ஆண்டையின் நாக்கு முளைக்க அதிக நேரம் ஆகாது. தனக்குக் கீழே ஒரு உயிர் கிடைத்தால் போதும். நம் வீட்டுப் பெண்களிடம், பிள்ளைகளிடம் நாம் எத்தனை தடவை "சோறு போடறவன் நான்" என்று சொல்லியிருப்போம் என்று யோசியுங்கள்.

இன்னொருத்தர் சுலபமாகச் சொன்னார்: "கதவைத் தெறந்து விட்டிருங்க. போறதுன்னாப் போகட்டும்." இதுவும் ஆண்டையின் வார்த்தைதான். காணி நிலமில்லாமல், கையில் காசில்லாமல் "போறதுன்னாப் போ" என்று விட்டால் பண்ணயத்தாள் எங்கே போவான்? மறுபடி அதே வாசலுக்குத்தான் வருவான். கேபினைத் தவிர வேறு உலகம் தெரியாத பூனையை லாரிக் கூட்டத்திலும் நாய்க் கூட்டத்திலும் விட்டுவிட்டு நான் விடுதலை கொடுத்தேன் என்று சொல்ல முடியுமா? வளர்த்த மிருகத்தைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம் என்று 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டமே சொல்லுது. வெறுங்கையோடு அனுப்புகிற விடுதலை கைவிடுவதுதான்.

அன்றைக்கு நான் லோடை எடுக்கவில்லை. "ஒரு பூனைக்காக லோட விட்டயா?" என்று ஓனர் போனில் வைதார். அவருக்கு என் மகன் வயசு. கேபின் கதவைத் திறந்து வைத்து, கருவாட்டுச் சோற்றைப் படியில் வைத்துவிட்டுக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். விடியக்காலம் நாலு மணிக்குக் கிளீனர் தானாக வந்து சாப்பிட்டது. அந்த நடையில் ஊருக்குக் கொண்டுவந்து வீட்டில் விட்டேன்.

எங்க வளவில் ஓட்டுக் கூரைமேல் திரிகிறது. ரொம்ப நாள் கழித்து எலி பிடிக்கவும் கற்றுக்கொண்டது. ஊருக்குள்ளும் போகிறது, வருகிறது. நடை முடிந்து நான் வந்தால் ஒரு நாள் ஓடி வரும், ஒரு நாள் கூரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். "இதுக்கு உங்க ஞாபகமே இல்லீங்க" என்று என் சம்சாரம் சிரிக்கிறாள். இல்லாட்டிப் போகுது. அதன் ஞாபகத்தில் எனக்கு உரிமை இல்லை.

பக்கத்து சீட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் உட்கார வேண்டியது ஒரு பூனைக்குட்டி இல்லை, சோத்துக்கு மட்டும் வருகிற ஒரு சிறுவனும் இல்லை. சம்பளத்தோடு வருகிற இன்னொரு டிரைவர். முதலாளி மிச்சம் பிடித்த கூலியை நான் ஒரு குட்டியின் வாழ்க்கையிலிருந்து ஈடுகட்டப் பார்த்தேன். என் தனிமை நிஜம். அதற்கான பில்லை நான் தப்பான இடத்தில் நீட்டிவிட்டேன்.

சிராவைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பஞ்சர் கடை கண்ணில் படும். பையன் மாறிவிட்டான். டயர்க் குவியல் அப்படியே இருக்குது. அந்தத் தாய்ப்பூனையை நான் பார்த்ததே இல்லை. தாபாவிலிருந்து திரும்பி வந்து எவ்வளவு நேரம் தேடியிருக்கும்? அந்தக் கடனை நான் யாரிடம் கட்டுவேன்?