பெருஞ்சோறும் செஞ்சோற்றுக் கடனும்

பசித்தவர்க்கு உணவளித்தல் அறங்களுள் தலையாயது என்பது தமிழர் கொள்கை. ஆயின், கொடுப்பவர் உள்ளத்தில் கைம்மாறு பற்றிய எண்ணம் ஒளிந்திருக்குமானால் அக்கொடையும் அறமாகுமா? பள்ளி விளையாட்டுக் குழுவினர்க்குப் போட்டிக்கு முன் அளிக்கப்பெறும் விருந்தும் இவ்வினாவிற்கு உட்பட்டதே.

போருக்குச் செல்லும் வீரர்க்கு மன்னன் உணவளித்தலைப் 'பெருஞ்சோற்று நிலை' என வஞ்சித்திணையில் வைத்தார் தொல்காப்பியர். ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு களித்தலை 'உண்டாட்டு' என வெட்சித்திணையில் வைத்தார். பின்னது வெற்றி கண்டபின் கொண்டாடுவது; முன்னது முடிவு தெரியாதபோதே இடுவது. வென்றவர்க்கு விருந்திடப் பலர் முன்வருவர். முடிவு தெரியாதபோது இடும் சோற்றிற்கோ நம்பிக்கை வேண்டும். எனினும், மன்னன் இட்ட பெருஞ்சோற்றிற்கு வீரனின் உயிரே விலையாயிற்று. துரியோதனனுக்காகப் பொருது மாண்ட கன்னனைச் செஞ்சோற்றுக் கடனுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம்.

பள்ளி மாணவன் அத்தகைய போர்வீரன் அல்லன். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் லயங்களும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் காற்பந்துத் திடலும் அருகருகே இருந்த காலம் ஒன்றுண்டு. விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் சென்றுவிட, கடுங்காப்பியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் அத்திடல்களில் ஓடினர். இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடம் தந்துவிட்டன. ஈப்போவின் இடைநிலைப்பள்ளிகளில் அவர்தம் வழிவந்தோர் மலாய், சீன மாணவரோடு ஒரே குழுவில் ஆடுகின்றனர்.

அக்குழுவினர்க்கு விருந்திடுவோர் முதலில் உண்போரை அறிதல் வேண்டும். முஸ்லிம் மாணவர்க்கு ஹலால் உணவு வேண்டும். இந்து மாணவர்க்கு மாட்டிறைச்சி ஆகாது. சைவ உணவினரும் இருப்பர். ஆட்டத்திற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாக, எண்ணெய் மிகாத சோறோ ரொட்டியோ அளவோடு தருவதே உடலுக்கு ஏற்றது. பொரித்த கோழியை மலைபோல் குவிப்பது விருந்திடுவோரின் பெருமையைக் காட்டலாம். ஓடவிருக்கும் பிள்ளைக்கு அது சுமையாகும். கோல் அடிப்பவனுக்கு இடும் அதே பங்கு, களமிறங்க வாய்ப்பே பெறாத மாற்று ஆட்டக்காரனுக்கும் இடப்பெறல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், "இத்தனை செலவு செய்தோம், கிண்ணத்தோடு வாருங்கள்" என்று ஒருவர் கூறிவிட்டால் சோறு கடனாகிவிடுகிறது. தோற்ற மாணவன் தோல்வியோடு அக்கடனையும் சுமந்து வீடு திரும்புகிறான். அதனைத் தீர்க்க எண்ணி, காலில் பட்ட அடியை மறைத்து ஆடுவோரும் உளர். நடுவரை ஏமாற்றத் துணிவோரும் உளர்.

அங்ஙனமாயின், உண்டவனுக்குக் கடமையே இல்லையோ எனக் கேட்கலாம். உண்டு. நன்றி மறவாமையும், நேர்மையோடு முயன்று ஆடுதலும் அவன் கடமைகள். அவை அவன் கையில் உள்ளவை. வெற்றியோ எதிரணியின் திறனையும் பொறுத்தது. தன் கையில் இல்லாத ஒன்றைத் தருமாறு ஒருவனைக் கடன்படுத்துவது முறையாகாது. 1956இல் காமராசர் ஆட்சியில் தமிழகப் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற மதிய உணவுத் திட்டம், உண்ட பிள்ளையிடம் தேர்வு மதிப்பெண்ணை விலையாகக் கேட்கவில்லை. பசியாறிய பிள்ளை படிக்க வந்தான், அதுவே போதியதாயிற்று.

பாரதப் போரில் இரு படைக்கும் பெருஞ்சோறு அளித்தவனாகச் சேரமான் உதியஞ்சேரலாதனைப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டு போற்றுகிறது. அது வரலாற்று நிகழ்ச்சிதானா என்பதில் அறிஞர் வேறுபடுவர். ஆயினும், இரு படைக்கும் சோறிட்டவன் எப்படையிடமும் வெற்றியைக் கேட்டிருக்க இயலாது என்பது தெளிவு. தன் திடலுக்கு ஆட வரும் எதிரணிக்கும் சேர்த்து உலை வைக்கும் பள்ளி, அச்சேரன் வழியில் நிற்பதாகும்.

தோற்று வந்த குழுவிற்கும் அடுத்த ஆண்டு அதே முகமலர்ச்சியோடு சோறிடுவாரா என்பதைக் கொண்டே, விருந்திடுவோர் தம் கொடை அறமா வாணிகமா என்பதை அறிந்துகொள்ளலாம்.