மரத்தின் வயதும் வீட்டின் வயதும்

குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்பதற்காக உயிருள்ள மரத்தை வெட்டலாமா? தொல்காப்பியம் மரத்தை ஓரறிவு உயிரில் வைக்கிறது. செடிகொடிகளுக்கு ஊறு செய்வது பிக்குவுக்குக் குற்றம் என்கிறது பௌத்த விநயம். அந்தப் பழைய கேள்வி இன்று கட்டடத் துறைக்குள் வந்து நிற்கிறது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யும் சிஎல்டி என்ற கனத்த மரப்பாளம் 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. லண்டன் மர்ரி குரோவில் 2009இல் எழுந்த ஒன்பது மாடிக் குடியிருப்பில், தரைத்தளம் போக மற்ற எட்டு மாடிகளும் அதனால் ஆனவை. சிமென்ட் உற்பத்தி மட்டுமே உலகின் கார்பன்-டை-ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம். சிஎல்டிக்குப் பயன்படும் ஸ்புரூஸ் மரமோ ஒரு கன மீட்டருக்கு அந்த வாயுவில் சுமார் 700 கிலோவைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே மரத்தை வெட்டாதிருப்பதாலேயே கான்கிரீட் வீடு பாவமற்றதாகிவிடாது. அதன் கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கார்பன் கணக்கு மட்டும் வெட்டுவதற்கு உரிமை தந்துவிடாது. மரத்திடமிருந்து நாம் எடுப்பது அதன் காலத்தையும்தான். ஜப்பானின் ஹோர்யூஜி ஆலயத்தைப் பழுதுபார்த்த தச்சர் நிஷியோகா சுனேகசு, ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரம் கட்டடத்திலும் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் கைபட்ட அந்த ஹினோக்கி மரத்தூண்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தவை. இன்றைய நிலை என்ன? மத்திய ஐரோப்பாவில் ஸ்புரூஸ் மரம் வெட்டுக்கு வர 80 முதல் 100 ஆண்டுகள் ஆகின்றன. ஐரோப்பியக் கட்டுமான விதியோ சாதாரணக் கட்டடத்துக்கு வைக்கும் ஆயுள் 50 ஆண்டு. அதன்பின் இடித்து எரித்தால், அடைத்து வைத்த கார்பனும் காற்றுக்கே போய்ச் சேரும். வெட்டியதற்கு ஈடாக நட்டுவிடுகிறோமே என்பார்கள். நட்டது கன்று, அது மரமாகும்வரை கடன் தீராது.

இதற்கு வலுவான மறுப்பு ஜப்பானிலேயே இருக்கிறது. இசே திருத்தலத்தை 20 ஆண்டுக்கொரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. ஆயிரக்கணக்கான ஹினோக்கி மரங்கள் அதற்கு விழுகின்றன. நிஷியோகாவின் அறம் இங்கே உடைந்துபோகிறதா? இல்லை. பிரித்தெடுத்த பெருந்தூண்கள் இசேயிலுள்ள உஜி பாலத்தின் தோரண வாயில்களாகின்றன, பின்னர் வேறு ஊர்களுக்குப் போகின்றன. வருங்காலத் தேவைக்கென்று 1920களிலேயே 200 ஆண்டுத் திட்டத்துடன் காடு வளர்க்கத் தொடங்கினார்கள். கட்டடம் போகலாம், மரம் வீணாகக் கூடாது என்பதே அங்குள்ள ஒழுங்கு. சிஎல்டியும் அந்த ஒழுங்குக்கு உட்படக்கூடியதே. பாளங்களைத் திருகாணியால் இணைத்தால் கழற்றலாம். மேலே கான்கிரீட்டை ஊற்றி இறுக்கினால் முடியாது. மழைநீர் தேங்கும் மூலையை வரைபடத்திலேயே தவிர்க்காவிட்டால், மரம் உளுத்துவிடும். கழற்றவும் முடியாமல், ஐம்பது ஆண்டையே எல்லையாக வைத்து எழுப்பும் மரவீட்டைப் பசுமை வீடு என்று நான் ஏற்கமாட்டேன்.